மேல் வரிசை

ஆகஸ்ட் 6, புதன்

பாப்பாவின் பிறந்தநாளை இந்த வருஷம் நானே நடத்துகிறேன் என்று இன்று காலை அறிவித்தேன். யாரும் சந்தோஷப்படவில்லை. மருமகள் அனுசுயா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "நீங்க எதுக்கு மாமா சிரமப்படணும்?" என்றாள். அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். எழுபது வயதில் இதுகூடத் தெரியாமலா இருப்பேன்?

போன வருஷக் கூத்து போதாதா? பைபாஸ் ரோட்டில் ஏ.சி. ஹால். பலூனால் ஒரு வளைவு கட்டி, அதற்குக் காவலாக ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது. ஏனென்றால் அது வாடகைப் பலூன், அடுத்த ஹாலுக்குப் போக வேண்டுமாம். தன் பிறந்தநாளில் ஒரு பலூன் கிடைக்காமல் ஒரு பிள்ளை அழுததை நான் அங்கேதான் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்த என் மகன் கதிரேசன் "சூப்பரா இருக்குப்பா" என்றான்.

இப்போது அவன் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். அதைச் சொன்னால் அனுசுயாவின் முகம் சுருங்கும். ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் அவளுக்கு என்ன வந்துவிடும்? அதனால் நான் காசைப் பற்றிப் பேசவில்லை. "ஹாலில் பிள்ளைகள் ஓட முடியாது. நம் மொட்டைமாடியில் வைப்போம்" என்றேன்.

"அவ யூனிகார்ன் தீம் கேக்கா மாமா."

"அது என்ன?"

"கொம்பு வச்ச குதிரை."

குதிரைக்கு எதற்குக் கொம்பு என்று கேட்டேன். பாப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் மிகவும் சின்னவனாகிவிட்டேன். 24ஆம் தேதி, ஞாயிறு. அவளுக்கு ஐந்து முடிகிறது.

ஆகஸ்ட் 9, சனி

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். பிறந்தநாளையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வேண்டியது உடைக்க ஏதாவது, ஓட ஓர் இடம், கத்த அனுமதி, தின்ன இனிப்பு. மற்றதெல்லாம் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதற்கு.

பலூன் நாமே ஊதலாம். நாற்காலிப் போட்டி, எலுமிச்சை ஸ்பூன், கண்ணைக் கட்டிக்கொண்டு குதிரைக்குக் கொம்பு ஒட்டுவது. குதிரையை அட்டையில் நானே வரைந்தேன். ஆடு மாதிரி இருக்கிறது என்கிறாள் அனுசுயா. கொம்பு வைத்தால் எதுவும் ஆடு மாதிரிதான் இருக்கும். பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டி ஜிகினா ஒட்டிக் கொம்புத் தொப்பியும் செய்தாயிற்று.

சாப்பாடு: தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், கேசரி. வாழை இலையில். பேப்பர் தட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

போன வருஷம் நாற்காலிகளை எல்லாம் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். பாப்பா கேட்டில் நிற்பாள். வருகிற ஒவ்வொருவரிடமும் "விளையாட வந்தீங்களா, சாப்பாட்டுக்கு வந்தீங்களா?" என்று கேட்பாள். விளையாட வந்தவர்கள் மாடிக்கு. சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கீழே பந்தலுக்கு. பாப்பாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. இன்று பூனையைக்கூட நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"வர்றவுகள வாசல்ல நிறுத்தி அப்படிக் கேக்கலாமா மாமா?" என்றாள் அனுசுயா.

"பிள்ளை கேட்டால் சிரித்துக்கொண்டு பதில் சொல்வார்கள்" என்றேன்.

"பிள்ளை கேட்டாச் சிரிப்பாக."

அந்தப் 'பிள்ளை'யை அழுத்திச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாப்பா கையில் கடலைமிட்டாய். நம் ஊர்க் கடையில் விற்கிறது அல்ல, கோவில்பட்டி மிட்டாய். பார்த்தாலே தெரியும்.

"யார் குடுத்தது?"

"கோவில்பட்டித் தாத்தா குடுத்து விட்டாங்க."

அனுசுயாவோடு வேலை பார்க்கும் ஒரு பெண் தினமும் கோவில்பட்டியிலிருந்து சாத்தூருக்கு பஸ்ஸில் வருகிறாள். அவள் மூலமாக இது எத்தனை நாளாக நடக்கிறதோ. என் வீட்டில், எனக்குத் தெரியாமல்!

கோவில்பட்டித் தாத்தா என்பது என் தம்பி குருவையா. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். பேசிப் பத்து வருஷம் ஆகிறது. என் அறுபதாம் கல்யாணத்துக்கு, நான் தாலி கட்டி முடித்த பிறகு வந்து சேர்ந்தான். முன்னால் நின்று நடத்த வேண்டியவன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் மண்டபத்தை விட்டுப் போனான். ஏழு வருஷம் கழித்து என் மனைவி வெள்ளைத்தாய் இறந்தபோதும் சுடுகாட்டில் ஓரமாக நின்றுவிட்டு அப்படியே பஸ் ஏறினான். வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதன் பிறகு குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து அவன் வீட்டார் எல்லோரையும் எடுத்துவிடச் சொன்னேன். கதிரேசன் எடுத்தான். இவ்வளவுதான் விஷயம். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

இதை அனுசுயாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேள்வி கேட்டீக. மைக்குப் பக்கத்துல நின்னு கேட்டீக."

"அப்போது நீ இந்த வீட்டுக்கே வரவில்லை."

"அத்தை சொல்லிருக்காக. பஸ்ஸு ரிப்பேராகி, அம்புட்டுப் பேருக்கும் மிட்டாய்ப் பெட்டியத் தலையில தூக்கிக்கிட்டு ஓடி வந்த மனுசனப் பாத்து, 'சாப்பாட்டுக்கு வந்தியா'ன்னு கேட்டா, யாரு மாமா உக்காந்து சாப்புடுவா?"

வெள்ளைத்தாய்க்கு எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பெட்டிகளை யாரும் பிரிக்கக்கூடாது என்றேன். அவள் மட்டும் ஒன்றை எடுத்துப் போய் அரிசிப் பானைக்குள் வைத்து ஒரு மாசம் தின்றாள்.

"அவங்களையும் கூப்பிடணும் தாத்தா" என்றாள் பாப்பா.

"பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்" என்று அவள் தன் பொம்மையிடம் சொன்னாள்.

கூப்பிடப்போவதில்லை. சொன்ன சொல் சொல்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மழை. ரயில் செய்யலாம் என்று மாடியில் சேர்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் ஊறிப் போயின. தார்ப்பாய் போட்டு மூட வேண்டியவர்கள் மூடவில்லை. அது நான் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டுமாம். முடியாது என்றேன்.

"பேனர் இல்லாத பிறந்தநாளா? எதிர்வீட்டு நாய்க்குட்டிக்கே வச்சாக மாமா!"

உண்மைதான். வைத்தார்கள். 'செல்ல மகள் ஜிம்மி' என்று. அந்தக் கண்றாவிகளை நான் தலை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. ஆனால் பாப்பா தன் படம் பெரிசாக வேண்டும் என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். சரி, வேறு செலவு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெபா வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். நல்ல பையன். ஆனால் கேள்வி அதிகம்.

"உங்க படம் குடுங்கய்யா."

அறுபதாம் கல்யாணத்தில் எடுத்ததைக் கொடுத்தேன். நானும் வெள்ளைத்தாயும் மாலையோடு, தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் படம். அதை விட்டால் நான் நன்றாக இருக்கும் படம் வேறு கிடையாது.

"இதுல உங்கள மட்டும் வெட்டி எடுத்துக்கிடவா?"

"வெட்டக்கூடாது."

"இல்லய்யா, அம்மா..."

"அம்மா இறந்து மூணு வருஷம் ஆச்சு. தெய்வத்திரு போடணும். ஆனா படத்தை வெட்டக்கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

"அப்ப ரெண்டு பேரையும் மேல் வரிசையிலயா போட? மேல் வரிசை வந்து..."

"எனக்குத் தெரியும். பெரியவங்களுக்கு மேலதான் இடம். போடு."

அவன் தலையைச் சொறிந்தான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

"நான் யோசிக்காமல் எதையும் சொல்கிறவன் இல்லை" என்றேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெபா பேனர் மாதிரியை அனுசுயாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். நான்தான் சரிபார்த்தேன். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. பாப்பா பெயர் தன்விகா, சரி. தேதி சரி. நேரம் மாலை நான்கு மணி, சரி. 'அன்புடன் வரவேற்கும்' என்பதன் கீழே கதிரேசன், அனுசுயா, அவள் அப்பா அம்மா, எல்லாம் சரி.

மேலே எங்கள் படம். விரல்களை விரித்தால் பெரிதாகும் என்று பாப்பா காட்டினாள். வெள்ளைத்தாயின் முகம் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரியா மாமா? அச்சடிக்கச் சொல்லவா?" என்று அனுசுயா கேட்டாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நுரை ஸ்பிரேக்கு நான் சம்மதிக்கவில்லை என்று பாப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவளோடு படிக்கும் பையன் வீட்டில் கொட்டியதுபோல, கேக் வெட்டும்போது மேலிருந்து ஏதாவது கொட்ட வேண்டுமாம். "ஹர்ஷித் பர்த்டேல வெள்ளை வெள்ளையாக் கொட்டுச்சு. என் பர்த்டேல மட்டும் கொட்டாது." போன வருஷம் அந்த நுரை ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டு, கேக்கை விட்டுவிட்டு எல்லோரும் குழாயடிக்கு ஓடினோம். பட்டென்று வெடித்து ஜிகினாக் காகிதம் கொட்டும் குழாய் ஒன்று இருக்கிறது. அதுவும் வேண்டாம். போன வாரம்தான் மாடித் தூம்பு அடைத்துத் தண்ணீர் தேங்கியது.

"வேற எது கொட்டும்?" என்று கேட்டாள்.

"மழை கொட்டும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஐந்து வயதில் இவ்வளவு வீம்பு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அனுசுயா வீட்டுப் பக்கமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

பலூன் ஊதி ஊதித் தாடை வலிக்கிறது. பம்ப் வாங்கலாம் என்றாள். வாய் இருக்கும்போது எதற்குப் பம்ப்?

சாயங்காலம் ஜெபாவின் ஆட்கள் தெருமுனையில் பேனரைக் கட்டிவிட்டுப் போனார்கள். நான் மாடியில் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் போய்ப் பார்க்கவில்லை. பாப்பா ஓடி வந்தாள். பேசக்கூடாது என்பது மறந்துபோய், "தாத்தா, நான் வீடு அளவுக்கு இருக்கேன்!" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

விடிந்ததும் வாசல் கதவைத் திறந்தேன். பால்காரர் செல்லத்துரை என்னைப் பார்த்துவிட்டுக் கேனைக் கீழே வைத்தார். "அய்யா... நீங்க?" என்றார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டம்மாள், ஜிம்மியின் தாய், ஃபிளாஸ்க் நிறையக் காபியோடு தலைமுடியை முடிந்துகொண்டு வந்தாள். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்களே, அந்தக் காபி. என்னைப் பார்த்ததும் ஃபிளாஸ்க்கை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். காபி நன்றாக இருந்தது.

தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். நடுவில் பாப்பா, கொம்போடு சிரிக்கிறாள். மேல் வரிசையில் நாங்கள் இருவரும், மாலையோடு. இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு வேறு. கீழே என் பெயரும் அவள் பெயரும்: தெய்வத்திரு இராமசுப்பு. தெய்வத்திரு வெள்ளைத்தாய்.

பேனர்களில் மேல் வரிசை என்பது இறந்தவர்களுக்காம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். செல்லத்துரை சொன்னார்.

ஜெபாவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருப்பான். "கழட்டிருவோம் மாமா" என்றாள் அனுசுயா. பாப்பா பேனருக்குக் கீழே நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் "இது நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைக் கழற்றி எறிந்துதான் நான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டுமா? வேண்டாம் என்றேன். என் படத்தின் மேல் மட்டும் காகிதம் ஒட்டலாம் என்றாள். அதுவும் முடியாது. என்னை மறைத்தால் வெள்ளைத்தாயின் தோளும் சேர்ந்து மறையும்.

"இருக்கட்டும். இன்று ஒரு நாள்தானே" என்றேன்.

இதற்குள் எவனோ மேல் வரிசையை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டிருக்கிறான். கதிரேசன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, நீங்கதான் பேசுறீகளா?" என்று மூன்று தடவை கேட்டான். "என்னை விட்டால் வேறு யார் உன்னைத் திட்டுவார்கள்?" என்றேன். அழுதான். வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அனுசுயா குடும்பக் குழுவில், 'மாமா நல்லாயிருக்காக, பேனர்ல தப்பு' என்று போட்டுவிட்டாள்.

தக்காளி வெட்டப் போகிறேன். இறந்தவன் வெட்டினால் வெந்துவிடாதா என்ன?

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பாப்பா கொம்புத் தொப்பியோடு கேட்டில் நின்று ஒருவரையும் கேள்வி கேட்காமல் விடவில்லை. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பந்தலுக்குப் போனார்கள். போகும்போது என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். "கல்லு மாதிரி இருக்காரேய்யா" என்றான் ஒருவன். "மேல இடம் இல்லைன்னு திருப்பி விட்டுட்டாகளா மாமா?" என்றான் இன்னொருவன்.

மாடியில் நாற்காலிப் போட்டி. பாட்டுக்கு அனுசுயாவின் போனை ஸ்பீக்கரோடு இணைத்திருந்தோம். நடுநடுவே பாட்டு நின்று போன் மணி அடித்தது. பாட்டு நின்றால் உட்கார வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்த ஹர்ஷித் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். மறுபடி பாட்டு, மறுபடி மணி, மறுபடி உட்கார்ந்தார்கள். போட்டி அருமையாக நடந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அனுசுயா கீழே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டது குருவையா.

காலையில் வாட்ஸப்பில் சுற்றிய படம் கைமாறிக் கைமாறி மதியம் அவனுக்குப் போயிருக்கிறது. அனுசுயா போட்ட மறுப்பு போகவில்லை. அவன்தான் குழுவில் இல்லையே.

நான் மாடிப்படிக்குக் கீழே ஸ்பூன் போட்டிக்கு எலுமிச்சம்பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. "என்னப் பெத்த பெரியத்தான், எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று ஒரு குரல் தெருவே கேட்கும்படி வந்தது. குருவையாவின் பெண்சாதி பேச்சியம்மாள். மாரில் அடித்துக்கொண்டு கேட் வரை வந்தவள், கையில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். அடுத்த 'பெரியத்தான்' பாதியில் நின்றுவிட்டது. கையும் மாரிலேயே நின்றுவிட்டது.

அவளுக்குப் பின்னால் குருவையா. காலில் செருப்பு இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஆள் பாதியாகிவிட்டான், சர்க்கரை வியாதி. ரோஜாவும் செவ்வந்தியும் கட்டிய ஆள் உயர மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான்.

உள்ளிருந்து அனுசுயா ஜல்லிக்கரண்டியோடு ஓடி வந்தாள்.

பாப்பா மட்டும் தன் வேலையை விடவில்லை. இரண்டு கையையும் விரித்துக் கேட்டை மறித்து நின்றாள்.

"விளையாட வந்தீங்களா, சாப்பாட்டுக்கு வந்தீங்களா?"

பந்தலில் இருந்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு மண்டபத்திலும் இருந்தவர்கள். அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். குருவையா திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படித்தானே போனான். ஆனால் இப்போது நின்றான். குனிந்து பாப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"நான் எழவுக்கு வந்தேன், தாயி" என்றான்.

பாப்பா யோசித்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. என் பக்கம் திரும்பி, "தாத்தா, அது மாடியா, கீழயா?" என்று கேட்டாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையில் எலுமிச்சம்பழம் வழுக்கியது.

"கீழ" என்றேன். "சாப்பாட்டுக்குத்தான் வந்துருக்கான். இலை போடச் சொல்லு."

மைக் இல்லை. ஆனாலும் பந்தலில் எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பேச்சியம்மாள் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை சத்தமில்லாமல். குருவையா மாலையைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். செய்தி கேட்டதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்; எழவு வீட்டுக்கு வருகிறவன் எப்படிச் சாப்பிடுவான்? பரிமாற ஆள் இல்லாததால் நான் பரிமாறினேன். ஆள் இல்லை என்பது பொய் என்று அனுசுயா பிறகு சொன்னாள். இருந்தவர்கள் யாருக்கும் பரிமாறத் தெரியாது என்பது என் கருத்து.

தக்காளிச் சோறு வைத்தேன். தயிர்ச் சோறு வைத்தேன். கேசரி வைக்கவில்லை.

"கேசரி இல்லையா?" என்றான். பத்து வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"உனக்குச் சர்க்கரை."

"ஒரு கரண்டி, அண்ணே."

"அரைக் கரண்டி" என்றேன். அரைதான் வைத்தேன்.

அடுத்தது மாடியில் கேக். மெழுகுவர்த்தி ஏற்றும்போது பாப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மேலிருந்து எதுவும் கொட்டாது என்ற துக்கம். அப்போதுதான் கீழே சுற்றுச்சுவர் மேல் கிடந்த மாலை கண்ணில் பட்டது. எடுத்து வந்து ஒரு தாம்பாளத்தில் உதிர்க்க ஆரம்பித்தேன்.

"அய்யய்யோ, செத்தவுகளுக்குன்னு வாங்குனது, பெரியத்தான்!" என்றாள் பேச்சியம்மாள். "பச்சப்புள்ள தலையிலயா?"

"யார் செத்தது?" என்று கேட்டேன்.

பூ பூதான். குருவையா என் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையிலிருந்து உதிர்க்க ஆரம்பித்தான். ஒழுங்காக உதிர்க்கத் தெரியவில்லை. காம்போடு பிய்த்தான். சொன்னேன். திருத்திக்கொண்டான். என்னைவிட உயரமானவன் என்பதால் தாம்பாளத்தோடு அவனே நாற்காலியில் ஏறி நின்றான். பாப்பா கேக்கை வெட்டியதும் மேலிருந்து கொட்டினான். ரோஜாவும் செவ்வந்தியும் நிற்காமல் விழுந்தன. பிள்ளைகள் கத்திய கத்தில் அடுத்த தெரு ஜன்னல்கள் திறந்தன. பிறகு தரையில் கிடந்ததை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். யார் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூம்பும் அடைக்கவில்லை.

"ஹர்ஷித், உனக்கு வெறும் நுரைதான்" என்றாள் பாப்பா. "எனக்குப் பூ."

கிளம்பும்போது குருவையா தெருமுனையில் பேனரை அண்ணாந்து பார்த்தான். "மதினி படம் நல்லா வந்துருக்கு" என்றான். "அதக் கழட்டிருங்க, அண்ணே. பாக்க முடியல."

"நாளைக்கு" என்றேன். செருப்பில்லாமல் நின்றானே என்று என் செருப்பைக் கொடுத்தேன். எனக்கு எப்போதும் கடிக்கிற செருப்புதான்.

இன்று காலை பேனரைக் கழற்றியாயிற்று. ஜெபா வந்து கும்பிட்டுக்கொண்டு நின்றான். துண்டுச் சீட்டைப் பார்த்த பெண் 'ஜோடி, மேல் வரிசை, தெய்வத்திரு' என்று இருந்ததை அப்படியே செய்திருக்கிறாள். "நான் அன்னைக்கே கேட்டேனேய்யா" என்றான். கேட்டானாம்! கேட்கிற விதமாகக் கேட்க வேண்டாமா?

ஆகஸ்ட் 28, வியாழன்

அனுசுயா குருவையா வீட்டாரைக் குழுவில் சேர்த்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கோவில்பட்டியிலிருந்து போன். அனுசுயா என் காதில் வைத்தாள். குருவையாவின் பேத்திக்குக் காது குத்துகிறார்களாம். இதே ஆவணியில்.

"பேனர்ல போட உங்க படம் வேணும், அண்ணே."

"மேலயா, கீழயா?"

"கீழ. முத ஆளு நீங்கதான்." கொஞ்சம் இருமினான். "மதினி படம் எங்ககிட்ட இருக்கு, மேல போட்டுக்கிடுதோம். நீங்க தனியா ஒண்ணு எடுத்து அனுப்புங்க. மாலை இல்லாம."

பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாரியம்மன் கோயில் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். பாப்பாவும் வருவேன் என்று வந்தாள். ஸ்டுடியோக்காரன் பெஞ்சில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"ஓரமா உக்காந்திருக்கீங்கய்யா. பக்கத்துல எடம் காலியாக் கெடக்கு பாருங்க. நடுவுல வாங்க."

"அப்படியே எடு" என்றேன்.